மணியின் அழுக்கும் வெள்ளியின் கறையும்

ஸ்ரீபாஷ்யத்தின் நான்காம் அத்தியாயத்து நான்காம் பாதத்தில், முக்தனுடைய ஸ்வரூப ஆவிர்பாவத்தை நிரூபிக்குமிடத்தில், சௌநகர் வாக்கு ஒன்று எடுத்தாளப்பட்டுள்ளது. அழுக்கைக் கழுவுவதால் மணிக்கு ஒளி புதிதாக உண்டாவதில்லை. அவ்வாறே தோஷம் நீங்குவதால் ஆத்மாவுக்கு ஞானம் புதிதாக உண்டாவதில்லை என்பது அதன் திரண்ட கருத்து. அழுக்கு வந்தேறி, ஒளியோ இயல்பு. எத்தனை முறை கழுவினும் மணிக்கு இழப்பில்லை.

மரவாகனத்தின்மேல் போர்த்த வெள்ளித் தகட்டிலும், திருக்கதவில் பதித்த பித்தளைக் குமிழிலும் இந்த த்ருஷ்டாந்தம் முழுதும் பொருந்தாது. வெள்ளியின் கறுப்பு மேலே படிந்த தூசியன்று. காற்றிலுள்ள கந்தக வாயுவோடு கூடி வெள்ளியே அடைந்த விகாரம். பித்தளையின் களிம்பும் அதிலுள்ள செம்பின் விகாரமே. ஆகவே கறையைத் தேய்த்தெடுக்குந்தோறும் உலோகமும் சிறிது கழிகிறது. உற்சவந்தோறும் அழுந்தத் தேய்க்கப்படும் கருடவாகனத்தில் முதலில் இறகு வரிகள் மழுங்கும். பின்னர்த் தகடு மெலிந்து கிழியும்.

பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கினால் நீரில் அலசிவிடலாம். மரத்தில் பதித்த தகட்டை அவ்வாறு அலச இயலாது. விளிம்பில் தங்கிய புளிப்பும் ஈரமும் உள்ளே இறங்கிப் புதிய களிம்பை விளைவிக்கும், மரத்தையும் கெடுக்கும். தகட்டை இரும்பாணியால் அறைந்திருந்தால் ஈரத்தில் ஆணி விரைவில் துருவேறும். அதைச் சூழ்ந்த மரமும் கறுத்து நலியும். பித்தளைத் தகட்டுக்குப் பித்தளை ஆணியே தக்கது.

எனவே கறையை நீக்குவதினும் கறை சேராமல் காப்பதே முதன்மையான கைங்கர்யம். புறப்பாடு முடிந்தவுடன் வியர்வை, எண்ணெய், சந்தனம் ஆகியவற்றை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து ஈரமற உலர்த்த வேண்டும். வாகனத்தை மூடக் கஞ்சியிடாத, நன்கு துவைத்த பருத்தித் துணியே ஏற்றது. கம்பளியும் ரப்பரும் கந்தகம் உடையனவாதலின் வெள்ளிக்கு அருகில் ஆகா. தேய்ப்பது இன்றியமையாதபோது, மரத்தின் விளிம்பை மறைத்துக்கொண்டு, மிக நுண்ணிய சுண்ணப்பொடியைச் சிறிது நீரில் குழைத்துப் பஞ்சால் மென்மையாகத் துடைத்து, எச்சமின்றி எடுத்துவிட வேண்டும். உலர்ந்தபின் மெல்லிதாக மெழுகு பூசினால் காற்றும் ஈரமும் எளிதில் தீண்டா. விளக்கின் வெம்மை படுமிடத்தில் மெழுகு உருகுமாதலால் அங்கே அது கூடாது.

த்ருஷ்டாந்தத்தில் விவக்ஷிதமான அம்சத்தை மட்டுமே கொள்ள வேண்டும் என்பது பெரியோர் கண்ட நெறி. மணியைக் கழுவுவதுபோல் வாகனத்தைத் துலக்கினால், முன்னோர் ஸமர்ப்பித்த வேலைப்பாடு சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையும்.