லாட்ஜா, உள்ளேயே உள்ள ஓட்டலா?
ராமோஜி பிலிம் சிட்டிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

தசரா விடுமுறை நெருங்கினால் பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, ஊருக்குப் போவது. மற்றொன்று, இந்த ஆண்டாவது பிள்ளைகளை வெளியூர் எங்காவது அழைத்துப் போவது. ஸ்ரீராமபுரத்திலும், அல்சூரிலும், பீன்யா தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளிலும் இந்தப் பேச்சு ஆண்டுதோறும் நடப்பதுதான். பெரும்பாலும் ஊர்தான் ஜெயிக்கும். அங்கே கோயில் கொடை இருக்கும், கலியாணம் இருக்கும், வயதான பெற்றோர் இருப்பார்கள்.

எப்போதாவது ஒருமுறை பிள்ளைகள் ஜெயிப்பதும் உண்டு. அப்படி ஜெயித்த வீடுகளில் இப்போது அதிகம் அடிபடும் பெயர் ஐதராபாத்தில் உள்ள ராமோஜி பிலிம் சிட்டி. பிடதியில் 2005-ல் திறக்கப்பட்ட வொண்டர்லா காலையில் போய் இரவு வீடு திரும்பும் தூரம். அங்கே தங்கும் கேள்வியே எழாது. ஐதராபாத் அப்படி அல்ல. நாலைந்து நாள் தங்க வேண்டும். சேர்த்து வைத்த விடுப்பும் போனஸ் பணமும் அதிலேயே போய்விடும். ஆகவே எங்கே தங்குவது என்பதில் தவறினால் அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள்.

படம் எடுக்கக் கட்டிய ஊர்

ஐதராபாத்-விஜயவாடா நெடுஞ்சாலையில், நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ளது இந்தத் திரைப்பட நகரம். 'ஈநாடு' பத்திரிகை அதிபர் ராமோஜி ராவ் 1996-ல் இதை அமைத்தார். 2016-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 2024 ஜூன் 8-ந்தேதி காலமானார். 1,666 ஏக்கர் பரப்புள்ள இது உலகிலேயே மிகப்பெரிய திரைப்பட நகரம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

கதையோடு உள்ளே வரும் தயாரிப்பாளர் முழுப் படத்தோடு வெளியே போகலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட இடம் இது. ரயில் ஓடாத ரயில் நிலையமும், விமானம் இறங்காத விமான நிலையமும், அரண்மனைகளும், மொகலாயத் தோட்டமும், ஜப்பானியத் தோட்டமும் உள்ளே இருக்கின்றன. 'பாகுபலி' படத்துக்காகப் போட்ட மகிழ்மதி அரங்கைப் பார்க்கவே பிள்ளைகள் துடிக்கிறார்கள். இவற்றோடு ராட்டினங்கள், சண்டைக்காட்சி நிகழ்ச்சிகள், பறவைப் பூங்கா எல்லாம் உண்டு. பஸ்ஸில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவதை மட்டும் பார்த்தால் ஒரு நாள் போதும். சாகச விளையாட்டுகளையும் சேர்த்து நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் வேண்டும்.

படப்பிடிப்புக் குழுவினர் வாரக்கணக்கில் தங்க வேண்டிய இடம் என்பதால் உள்ளேயே பல தரத்தில் விடுதிகள் உள்ளன. 'சிதாரா' சொகுசு ஓட்டல். 'தாரா' அதற்கு அடுத்த தரம். 'சாந்திநிகேதன்' சிக்கன அறைகள் கொண்டது. கூட்டமாக வருகிறவர்களுக்கு 'சகாரா' என்ற பொதுத் தங்குமிடமும் இருக்கிறது. உள்ளே தங்குவது என்றாலே பணக்காரர் வேலை என்று நினைத்துப் பலர் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிக்கன அறை ஒன்று உள்ளேயே கிடைக்கும் என்பதுதான் இந்த விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

விடிகாலையில் வரும் சிக்கல்

பெங்களூருவில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் காச்சிகுடாவில் இறங்கலாம். யஷ்வந்த்பூர்-காச்சிகுடா வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பரில் வந்துவிட்டது என்றாலும், பகல் பொழுது வீணாகிறது என்று இரவு ரயிலையே விரும்புகிறவர்கள் அதிகம். ஓர் இரவு லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெரிய ஓட்டல்களில் பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் அறை தருவார்கள். ஆறு மணிக்கு வந்து நிற்கும் குடும்பம் பெட்டியும் படுக்கையுமாக வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முன்னதாகவே அறை வேண்டும் என்றால் அரைநாள் வாடகை கேட்பவர்களும் உண்டு. சிறிய லாட்ஜ்களில் பல 24 மணிநேரக் கணக்கில் நடக்கின்றன. காலை 6 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை 6 மணி வரை அறை நம்முடையது. முதல் நாளைப் பொறுத்தவரை லாட்ஜ்தான் வசதி, சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கணக்கு என்று சாவி வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமல் மறுநாள் 8 மணிக்குக் கணக்கு முடிக்கப் போனவர்களிடம் இன்னொரு நாள் வாடகை வாங்கிய கதைகள் ஏராளம்.

சுடுதண்ணீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூடுதல் படுக்கைக்கு என்ன கட்டணம், எந்த வயது வரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருப்பது நல்லது. குடும்பத் தலைவருடையது ஒன்று போதும் என்று வந்து விழித்தவர்கள் பலர்.

கன்னியாகுமரியிலிருந்து வரும் சொந்தக்காரருக்குப் பெங்களூருவில் வழி சொல்வதுபோல, ஐதராபாத்தில் நமக்கு வழி சொல்ல ஆள் இருக்காது. ஆகவே மெட்ரோ ரயில் பாதையை ஒட்டி லாட்ஜ் பார்ப்பது உத்தமம். மியாபூர்-எல்.பி.நகர் பாதையில் நாம்பள்ளி, மலக்பேட்டை, தில்சுக்நகர் ஆகிய இடங்கள் உள்ளன. இதன் எல்.பி.நகர் பகுதி 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. எல்.பி.நகரில் இறங்கினால் பிலிம் சிட்டி பக்கம் போகும் அரசு பஸ்களைப் பிடிக்கலாம். தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு என்றாலும், அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. கர்நாடகத்தில் 'சக்தி' திட்டத்தில் கட்டணம் கொடுக்காமலே பழகிவிட்ட நம் வீட்டுப் பெண்கள் அங்கே காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஐந்து பேருக்கு ஒரு கணக்கு

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர், நாலு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு பகல் பிலிம் சிட்டிக்கு. மற்ற நாட்கள் சார்மினார், கோல்கொண்டா, சாலார்ஜங் அருங்காட்சியகம். வாடகை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்பதால் கீழே உள்ள தொகைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே. நுழைவுச் சீட்டு எல்லோருக்கும் பொது, ஆகவே சேர்க்கவில்லை.

கூடுதல் படுக்கையோடு லாட்ஜ் அறை நாளுக்கு 1,800 ரூபாய் என்றால் நாலு இரவுக்கு 7,200. வரி 5 சதவீதம் சேர்த்து 7,560. பிலிம் சிட்டிக்கு வாடகைக் காரில் போய்வர நாளுக்கு 2,000 வீதம் 4,000. ஆக 11,560 ரூபாய். காருக்குப் பதில் பஸ், மெட்ரோ என்று 800 ரூபாயில் முடித்தால் 8,360.

இதே குடும்பம் மூன்று இரவு லாட்ஜிலும், பிலிம் சிட்டி பார்க்கும் இரண்டு பகல்களுக்கு நடுவிலுள்ள ஓர் இரவு மட்டும் உள்ளேயும் தங்கினால்? லாட்ஜுக்கு வரியோடு 5,670. உள்ளே சிக்கன அறை 4,500 என்று வைத்தால் வரியோடு 4,725. காரில் ஒருமுறை போவதும் ஒருமுறை வருவதும் 2,000. மொத்தம் 12,395. முதல் கணக்கைவிட 835 ரூபாய்தான் அதிகம்.

சொகுசு அறையில் 9,000 ரூபாய் வீதம் இரண்டு இரவும், மீதி இரண்டு இரவு லாட்ஜிலும் என்றால் வரி, கார் எல்லாம் சேர்த்து 27,020 ரூபாய் ஆகிறது. இதில் ஏறக்குறைய 3,200 ரூபாய் சொகுசு அறைக்கான வரி மட்டுமே.

பஸ்ஸில் போகத் துணிந்த குடும்பத்துக்கு லாட்ஜ்தான் மலிவு. நாலாயிரம் ரூபாய் வித்தியாசம் சின்னத் தொகை அல்ல. ஆனால் எப்படியும் கார் பிடிப்போம் என்ற குடும்பம் லாட்ஜில் தங்கி மிச்சம் பிடித்ததாக நினைப்பது வெறும் கற்பனை.

நூறு ரூபாயில் ஆயிரம் ரூபாய்

ஓட்டல் அறைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் மாறியிருக்கிறது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 கொடுக்க வேண்டும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968! வாடகையில் நூறு ரூபாய் ஏறினால் கையிலிருந்து போவது 1,093 ரூபாய்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள, வரித்துறையில் பதிவு செய்யாத சிறு லாட்ஜ் வரி என்று எதுவும் வாங்கக்கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேட்க உரிமை உண்டு. ரயில் நிலைய ஓய்வறைகளுக்கு 2024 ஜூலை முதல் இந்த வரி கிடையாது. இருக்கை உறுதியான பயணச்சீட்டு இருந்தால் அவற்றையும் முன்பதிவு செய்யலாம்.

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் குமாஸ்தாக்கள் எல்.டி.சி.யை நம்பிக் கணக்குப் போடுவது வழக்கம். அதில் கிடைப்பது பயணக் கட்டணம் மட்டுமே. லாட்ஜ் வாடகையும் உள்ளூர் ஆட்டோ செலவும் சொந்தப் பணம்தான். எல்.டி.சி.யின்போது பத்து நாள் விடுப்பைப் பணமாக்கிக்கொள்ள வழி உண்டு. தங்கும் செலவுக்கு அதை ஒதுக்கினால் கடன் வாங்க வேண்டியிருக்காது. நாலு ஆண்டுக் காலத்தில் ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும், மற்றொருமுறை சொந்த ஊருக்கு என்று பிரித்துக்கொண்டால் கொடையும் தப்பாது.

விடுமுறை யாருக்கு?

பணக் கணக்கில் வராத ஒன்று உண்டு. நகரத்து லாட்ஜில் தங்கினால், ஒன்பது மணிக்குப் பிலிம் சிட்டி வாசலில் நிற்க வீட்டம்மா ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஒரே குளியலறையில் ஐந்து பேர் குளித்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, வழியில் டிபன் முடித்து, பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். வாசலிலிருந்து உள்ளே இன்னும் பஸ் பயணம். மாலையில் திரும்பி வந்து, வாளியில் துணி அலசிப் போட்டால் மணி பத்து. பெங்களூருவில் தினமும் செய்வதையே ஐதராபாத்தில் செய்துவிட்டு வருகிறார் என்றால் அவருக்கு அது என்ன விடுமுறை?

பாட்டியின் நிலை இன்னும் கடினம். மதிய வெயிலில் முழங்கால் வலியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பைகளைக் காவல் காப்பதுதான் அவருக்குக் கிடைக்கும் சுற்றுலா. உள்ளே ஓர் அறை இருந்தால், அறை தரும் நேரம் ஆனதும் போய்ச் சற்றுப் படுத்திருக்கலாம். இதற்காகவே அந்த ஓர் இரவு வாடகையைக் கொடுக்கலாம். குளிர்சாதனமும் பட்டு மெத்தையும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஐதராபாத் வெயில் 40 டிகிரியைத் தொடும். பெங்களூரு உடம்பு அதைத் தாங்காது. தசரா முதல் பொங்கல் வரை போவது நலம்.

பெரியவர் யாரும் வரவில்லை, பிள்ளைகளும் வளர்ந்தவர்கள் என்றால் நகரத்து லாட்ஜே போதும். நண்பர்கள் நாலைந்து பேராகச் செல்லும் தொழிலாளர்கள் சொகுசு ஓட்டலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரவில் படுக்க மட்டும் வரும் இடத்துக்கு அவ்வளவு பணம் எதற்கு?

உள்ளே தங்குவது என்று முடிவு செய்தவர்கள் தங்கலும் உணவும் நுழைவுச் சீட்டும் சேர்ந்த பாக்கேஜ்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நுழைவு ஒரு நாளுக்கா, இரண்டு நாளுக்கா? எத்தனை வேளைச் சாப்பாடு? மூன்றாவது ஆளுக்கு என்ன? அறைக்கும் பூங்காவுக்கும் இடையே வண்டி எந்தெந்த நேரத்தில் ஓடும்? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டினால் பிறகு வாக்குவாதம் இராது. பண்டிகை நாட்களில் கட்டணம் ஏறும் என்பதால் நடுவாரத்தில் ஓர் இரவு கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசி நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பும் ரயில் இரவில். 24 மணிநேர லாட்ஜில் விடிகாலையில் அறை எடுத்தவர்களுக்கு விடிகாலையிலேயே காலக்கெடு முடிந்துவிடும். அந்தப் பகல் ஒன்றுக்காக இன்னொரு நாள் வாடகை கொடுப்பதைவிட, ரயில் நிலையத்தில் பொருள் காப்பகம் இருக்கிறதா என்று வந்து இறங்கும் நாளிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, பெட்டிகளை அங்கே ஒப்படைத்துவிட்டுச் சார்மினார் பக்கம் வளையல் வாங்கப் போகலாம். பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். பூட்டாத பையை அங்கே வாங்கமாட்டார்கள். ஆகவே பெங்களூருவில் கிளம்பும்போதே இரண்டு சின்னப் பூட்டுகள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.