கதவுக்குள் பெய்யும் மழை

பழைய காரின் உள்பலகையை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் பலகையை மட்டும் மாற்றினால் போதாது என்பதைக் கார்வேட்டிநகரத்து அம்பாசிடர் ஒன்று இரண்டு முறை செலவு வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

கார்வேட்டிநகரத்தில் ஸ்கந்த புஷ்கரிணிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வேப்ப மரத்தடியில் 1986-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. மார்க் 4 மாடல், வெள்ளை நிறம். எஞ்சின் இன்றும் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடும். பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை அதன் கதவைத் திறந்தால் மனம் சோர்ந்துவிடும். உள்பக்கப் பலகை கீழ்ப் பாதியில் தண்ணீரில் ஊறிய அப்பளம் போல உப்பியிருந்தது. மேலே ஒட்டிய ரெக்சின் உரிந்து தொங்கியது. உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் மரத்தூள் ஒட்டிக்கொள்ளும்.

காரின் சொந்தக்காரர் என் பெரியப்பா. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து சொல்லும் வாசகம் ஒன்றே: “அப்பா, எடைக்குப் போட்டுடலாம்.” பெரியப்பாவின் பதிலும் மாறாது: “எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லையேடா.”

விவகாரத்தைத் தீர்த்து வைத்தது பெரியம்மாவின் முழங்கால். மாதம் ஒரு முறை அவர் திருப்பதிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிய சின்னக் கார்களில் ஏறக் குனிய வேண்டும். இறங்கும்போது யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். அம்பாசிடரின் சீட் உயரம். கதவும் அகலமாகத் திறக்கும். நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுந்துவிடலாம். “இந்தக் கதவை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, எனக்கு வேற காரே வேண்டாம்” என்றார் பெரியம்மா. எடைக்குப் போடும் பேச்சு அத்துடன் நின்றது. கதவு வேலை என் தலையில் விழுந்தது.

எஞ்சின் கிடைக்கும், அட்டை கிடைக்காது

அம்பாசிடரின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1942-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் அம்பாசிடர் வந்தது. மந்திரிகள், கலெக்டர்கள், டாக்சிக்காரர்கள் என்று அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. 1944-லும் 1974-லும் திறக்கப்பட்ட திருமலையின் இரண்டு மலைப்பாதைகளிலும் ஏறி இறங்கியது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

இப்படி உற்பத்தி நின்ற காருக்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கார்புரேட்டர், கியர்ப் பெட்டிச் சாமான், கதவுப் பூட்டு எல்லாம் கிடைக்கலாம். இரும்பு உடைந்த காரிலிருந்து இன்னொரு காருக்குப் போகும். கதவு அட்டை போகாது. மெக்கானிக்குகள் ‘டோர் பேடு’ என்று அழைக்கும் இந்தப் பலகை, பழைய காரைப் பிரிக்கும்போதே பிய்ந்து குப்பைக்குப் போய்விடும். பிய்யாமல் கிடைத்தாலும் அதுவும் நம்முடையதைப் போலவே உப்பியிருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய கார்களின் டோர் பேடு பெரும்பாலும் தட்டையான பலகை. ஹார்ட்போர்டு, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் ரெக்சின் — அவ்வளவுதான். எந்த ஊர்க் குஷன் கடையிலும் செய்துவிடலாம். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

முதல் முறை தோற்ற கதை

சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரே நாளில் நான்கு கதவுகளுக்கும் பளபளவென்று புதுப் பேடு போட்டுக் கொடுத்தார்கள். இரட்டைத் தையல், மாம்பழ நிறம். பெரியம்மா கையால் தடவிப் பார்த்துச் சிரித்தார். அது ஆவணி மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் போய்ப் பார்த்தால், முன் கதவுகள் இரண்டிலும் கீழ் ஓரம் மறுபடி உப்பியிருந்தது. கிளிப்புகள் பிடியை விட்டிருந்தன. புதுப் பலகைக்கு வயது நான்கே மாதம்.

கடையைத் திட்டுவதற்கு முன்னால் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினேன். சொன்னவர் புத்தூரில் குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளச் சென்னையிலிருந்துகூட ஆட்கள் தேடி வரும் வட்டாரம் புத்தூர். பாயும் ஒரு நாட்டு வைத்தியரைப் போலத்தான் காரை அணுகினார். பேடைப் பார்க்கவே இல்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மெதுவாக ஊற்றினார். பிறகு கதவின் அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

“தண்ணி உள்ளே போறது தப்பில்லை சார். வெளியே வராததுதான் தப்பு” என்றார்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. காரின் கதவு தண்ணீர் புகாத பெட்டி அல்ல. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் ரப்பர் பீடிங் இருந்தாலும் மழைநீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளைப் புழுதியும் வேப்பிலைச் சருகும் அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும். தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஈரம் பலகைக்கு ஏறும்.

இரண்டாவது காவல், கதவின் உள்தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே ஒட்டப்படும் பாலிதீன் தாள். கதவுக்குள் வழியும் நீர் பலகையைத் தொடாமல் அது தடுக்கிறது. கண்ணாடி ஏற்றும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் பேடைக் கழற்றும் மெக்கானிக் முதலில் கிழித்து எறிவது இந்தத் தாளைத்தான். காலணாப் பெறாத சமாச்சாரம் என்பதால் திரும்ப ஒட்டுவதில்லை. எங்கள் காரில் எப்போது கிழிந்ததோ தெரியாது. சென்னைக் கடையிலும் அதை யாரும் தேடவில்லை.

மூன்றாவது குற்றவாளி ஹார்ட்போர்டின் இயல்பு. 1924-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் என்பவர் கண்டுபிடித்த சரக்கு இது. மரச் சில்லுகளை நீராவி அழுத்தத்தில் வெடிக்கவைத்து நாராக்கி, சூட்டில் அழுத்திப் பலகையாக்கினார். நம் கடைக்காரர்கள் சிலர் இன்றும் ‘மேசனைட்’ என்று சொல்வது அவர் பெயரால்தான். பலகையின் முகம் வழவழப்பாக இருப்பதால் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும். வெட்டிய ஓரமும் கிளிப்புக்குத் துளைத்த ஓட்டையும் தாங்காது. ஈரம் குடித்த நார் உப்பும்; காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் எல்லாக் கார்களிலும் பேடு கீழ் ஓரத்திலும் கிளிப்பு ஓட்டையிலும் முதலில் சாகிறது.

பாயின் வைத்தியம்

இந்த முறை வேலை ஐந்து நாள் பிடித்தது. முதல் நாள் கழற்றுவது மட்டும். கண்ணாடிக் கைப்பிடியைக் கழற்றுவதில்தான் அவசரக்காரர்கள் சறுக்குவார்கள். பழைய மாடல்களில் அது ஒரு சின்ன ஆணியில் நிற்கும். மாருதி 800 போன்ற கார்களில் குதிரை லாட வடிவக் கிளிப்பு. அதை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பேடு கிழியும். ஒரு துணி நாடாவைக் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப்பு தானே துள்ளி வெளியே வரும். ஆகவே கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் கதவுக்கு. கம்பியால் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்தார். துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பெயின்ட் அடித்தார். கண்ணாடி ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்த பீடிங்கை மாற்றினார். மறுபடி ஒரு குவளைத் தண்ணீர். இந்த முறை அடியில் சொட்டியது.

மூன்றாம் நாள்தான் பலகை. பழைய பேடு எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் தூக்கி எறியக் கூடாது, அதுதான் அளவு. உடைந்த துண்டுகளை ஒட்டுத்தாளால் சேர்த்து, புதுப் பலகைமேல் வைத்து வரைந்து வெட்டினார். கிளிப்பு ஓட்டைகளை ஒரு மயிரிழைகூட நகராமல் துளைத்தார். ஓட்டை நகர்ந்தால் கிளிப்பு கதவுத் துளையில் உட்காராது. பலவந்தமாகத் தட்டினால் பலகை உடையும். பிறகு இரண்டு முகத்துக்கும், முக்கியமாக ஓரங்களுக்கும் ஓட்டைகளின் உள்சுவருக்கும், இரண்டு கை வார்னிஷ். முந்தைய கடையில் விட்டுப்போன இன்னொரு காரியம் இது.

வார்னிஷ் காய்ந்த பிறகு ஃபோம், ரெக்சின். பசையைப் பலகையிலும் ரெக்சினிலும் இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து ஒட்டினார். ஈரப் பசையில் ஒட்டினால் உள்ளே ஆவி அடைபட்டு வெயிலில் கொப்புளம் கிளம்பும். ரெக்சினைச் சற்று நேரம் வெயிலில் போட்டு இளக்கிவிட்டு இழுத்தால் மூலைகளில் சுருக்கம் விழாது. அலங்காரத் தையல் வேண்டும் என்றேன். “மேல் பாதியில போட்டுக்கலாம் சார். கீழே தையல் ஓட்டை வழியா ஈரம் இறங்கும்” என்று மறுத்துவிட்டார். கடைசியில் கதவுத் தகட்டில் கனமான பாலிதீன் தாளைச் சுற்றிலும் பசையிட்டு ஒட்டினார். அதன் கீழ் ஓரத்தைக் கதவுக்குள் செருகினார், வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும்படி.

செலவு? ஒரு நடுத்தரச் செல்போன் விலைக்குள் முடிந்தது. அதன் பிறகு இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது. பேடு உப்பவில்லை.

புதுக் காருக்கு இந்த வைத்தியம் செல்லாது

வாசகர்கள் எல்லோரும் உடனே குஷன் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். பிற்காலக் கார்களின் கதவு உள்பக்கம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். அதை வெட்டிச் செய்ய முடியாது. உடைந்தால் கம்பெனி உதிரிபாகம் அல்லது பிரித்த காரின் பாகம், இரண்டே வழிதான். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் கதவு ஓரத்தையோ சீட் பக்கத்தையோ குஷன்காரர் தொடவே கூடாது. சீட்டுக்குள் ஏர்பேக் இருந்தால், அதன்மேல் கண்ட உறையைத் தைத்துப் போடுவது ஆபத்து நேரத்தில் அது விரிவதைத் தடுக்கும்.

கூரைத் துணி தொங்குவது இன்னொரு பொதுவான புகார். அம்பாசிடரில் கூரைத் துணி கம்பி வளைவுகளில் கட்டப்பட்டது. புதிதாகத் தைத்து மாட்டலாம். பிந்திய கார்களில் வார்த்த அட்டையில் ஃபோம் ஒட்டிய துணி. வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் அந்த ஃபோம் பொடியாகிவிடுவதால்தான் துணி இறங்குகிறது. மேலே பசை தெளித்து அழுத்தினால் ஒரு கோடைகூடத் தாங்காது. அட்டையை இறக்கி, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும்.

தீயையும் மறக்கக் கூடாது. காரின் உள்பொருள்கள் எரியும் வேகத்துக்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. வீட்டுச் சோபாவுக்கான மலிவு ஃபோமை காரில் திணிப்பதும், ஸ்பீக்கர் ஒயரைப் பேடுக்கு அடியில் நசுக்கிக் கொண்டுபோவதும் வினையை விலைக்கு வாங்குவது.

இன்னும் எத்தனை வருடம்?

கதவு சரியானதும் கடிதாசுப் பிரச்சினை. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பெரியப்பா 2001-லிருந்து தவறாமல் செய்துவருகிறார். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021 ஜூலையில் தனி விதி வந்தது. எங்கள் கார் அந்த வயதை எட்ட 2036 ஆக வேண்டும். பெரியப்பா அதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தன் வயதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குக் கவலை வேறு. பாயின் கடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் பழைய பலகைகளைப் பார்த்தேன். அம்பாசிடர், பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒவ்வொன்றின்மேலும் பென்சிலில் எழுதியிருந்தது. எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த அளவுகள். மகன் என்ன செய்கிறார் என்று கேட்டேன். செல்போன் கடை வைத்திருக்கிறாராம். “அவனுக்கு இது எதுக்கு சார்? எனக்கப்புறம் அடுப்புக்குத்தான்” என்றார், வருத்தமில்லாமல்.

கடையை விட்டுக் கிளம்பும்போது எங்கள் காரின் நொறுங்கிய இடது முன் பேடைக் கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். அதையும் ஒட்டிச் சேர்த்து, ஓரத்தில் பெயர் எழுதி, சுவரில் மாட்டியிருந்தார். “இன்னொரு அம்பாசிடர் வந்தா?” என்று கேட்டார்.