ஆளில்லா நீர்மூழ்கியும் நமது கடலும்

பரமக்குடியில் வசிப்போருக்குக் கடல் கண்ணாற் காணும் பொருளன்று. வைகை இவ்வூரைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும்போதுகூட, வருஷத்தில் பெரும் பகுதி மணலாகவே செல்கிறது. எனினும் இராமநாதபுரம் ஜில்லாவில் வக்கீல் தொழில் புரிவோர் கடலை மறந்திருத்தல் இயலாது. நமது கடலைப் பற்றிய மிகப் பழைய சட்டப் பிரச்னைகளுள் ஒன்று இந்த ஜில்லாவின் சங்குப் படுகையிலிருந்தே எழுந்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் குத்தகைக்கு உட்பட்ட படுகையில் சங்கு எடுத்ததாகத் திருட்டு வழக்கொன்று தொடரப்பட்டது. கடலடியில் கிடக்கும் சங்கு யாருடைய சொத்து? அக்கடல் எந்த ராஜ்யத்தின் எல்லைக்கு உட்பட்டது? பாக் வளைகுடா திறந்த சமுத்திரமன்று, நிலத்தால் சூழப்பட்டு இத்தேசத்துடன் சேர்ந்த பகுதியே என்று சென்னை ஹைக்கோர்ட்டு கொண்ட முடிவு, 1904-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. நூற்றிருபது வருஷங்களுக்குப் பின் அதே கேள்வி வேறோர் உருவத்தில் நம் முன் வந்து நிற்கிறது. இம்முறை கடலடியில் இருப்பது சங்கன்று, ஆளில்லாமல் தானே நீந்திச் செல்லும் யந்திரம்.

இந்த யந்திரம் முற்றிலும் புதிதன்று. 1866-இல் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த பியூம் துறைமுகத்தில் செய்த டார்ப்பிடோவே ஆளின்றி நீரடியிற் சென்று கொல்லும் ஆயுதங்களுக்குத் தகப்பன். ஆனால் டார்ப்பிடோ சில நிமிஷங்களே ஓடும். இன்றைய யந்திரமோ வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் கடலில் உலவ வல்லது. அமெரிக்கர் செய்துள்ள ‘ஓர்க்கா’ சுமார் 85 அடி நீளமுள்ளது. 6,500 கடல் மைல் செல்லக்கூடியது என்று சொல்லப்படுகிறது. இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. சறுக்கி என்று நாம் அழைக்கத் தக்க சிறு கருவிக்குச் சுழல் விசிறியே கிடையாது. தன் மிதப்பைச் சற்றே குறைத்துக்கொண்டு மூழ்குகிறது, கூட்டிக்கொண்டு எழுகிறது. இரு பக்கத்துச் சிறகுகளும் அவ்வசைவை முன்னோக்கிய செலவாக மாற்றுகின்றன. நடந்து செல்லும் மனிதனைவிட மெதுவாகவே போகும். ஓசை ஏறக்குறைய இல்லை. மின்கலச் செலவும் அற்பம்.

நீரடியில் ரேடியோ அலை செல்லாது. உப்பு நீர் அதனைச் சில அடிகளுக்குள் விழுங்கிவிடும். ஓசை ஒன்றே அங்கே தூது. அது விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்திற் செல்கிறது. ஆனால் வெப்பமும் உப்பும் மாறும் இடங்களில் வளைந்து விலகுகிறது. ஆகவே நீருக்குள் இறங்கிய யந்திரத்தை அதனை அனுப்பியவன் கைக்குள் வைத்திருத்தல் அரிது. ஆகாயத்தில் பறக்கும் ஆளில்லா விமானத்தை எங்கோ ஓர் அறையில் ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீரடியிற் செல்வதோ, எதைத் தாக்குவது, எதை விடுவது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். இவ்விஷயத்தில் நாம் அஞ்சுவது யந்திரத்தின் வலிமையை அன்று, அதன் தனிமையையே.

இதன் வலிமையை உலகம் கருங்கடலில் கண்டது. 2022-இல் ருஷ்யா படையெடுத்தபோது உக்ரைன் தன் தலைமைப் போர்க்கப்பலைத் தானே மூழ்கடித்துக்கொண்டது. கப்பற்படை என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை. அத்தேசம் அவ்வருஷம் அக்டோபர் 29-ந் தேதி செவாஸ்டபோல் துறைமுகத்தின்மேல் ஆளில்லாப் படகுகளை ஏவிற்று. 2024 பிப்ரவரியில் மட்டும் ‘இவானோவெத்ஸ்’, ‘சீசர் குனிக்கோவ்’ என்னும் இரு ருஷ்யக் கப்பல்கள் அத்தகைய படகுகளால் மூழ்கின. ருஷ்யர் தமது கப்பல்களுட் பலவற்றைக் கிழக்கேயுள்ள நோவோரசீஸ்க் துறைமுகத்துக்குக் கொண்டு போயினர். 2025 டிசம்பரில் அத்துறைமுகத்திலேயே நின்ற நீர்மூழ்கி ஒன்றை நீரடி யந்திரத்தால் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது; சேதமில்லை என்று ருஷ்யா மறுத்தது. உண்மை எதுவாயினும், சிறியவன் பெரியவனைக் கடலில் தடுக்க இயலும் என்பது ருசுவாகிவிட்டது.

இதில் மகிழ்ச்சி கொள்ளும் நண்பர்களும் உண்டு. ஏகாதிபத்தியங்களின் பெருங்கப்பல்களால் அடிமைப்பட்ட தேசத்தாருக்கு அது இயல்பே. ஆனால் நாம் இப்பொழுது பெருங்கப்பல்களும் துறைமுகங்களும் உடையவர்கள். பலவீனனுடைய ஆயுதம் நமக்கெதிராகவும் பிரயோகமாகும் என்பதை மறத்தல் விவேகமன்று. 1995 ஏப்ரல் 19-ந் தேதி திருகோணமலைத் துறைமுகத்தில் விடுதலைப் புலிகளின் நீரடி வீரர்கள் இலங்கையின் இரு பீரங்கிப் படகுகளை மூழ்கடித்தனர். அங்கே வெடிமருந்தைக் கொண்டு சென்றவர்கள் மனிதர்கள். அடுத்த முறை மனிதர் தேவையில்லை. ஆகையால் அத்தகைய காரியத்தைத் துணிவதும் எளிதாகும்.

நமது கடலுக்கு வருவோம். 2019 டிசம்பரில் சீனாவின் ஆராய்ச்சிக் கப்பலொன்று இந்து மகா சமுத்திரத்தில் 12 சறுக்கிகளை இறக்கிச் சில மாதங்களில் மீட்டுக்கொண்டது. 2020 டிசம்பரில் இந்தோனேசியாவின் செலாயார் தீவருகே ஒரு செம்படவர் அதே வகையைச் சேர்ந்ததெனக் கருதப்பட்ட கருவியைக் கண்டெடுத்தார். அதில் வெடிமருந்து இல்லை. நீரின் வெப்பம், உப்பு முதலியவற்றை அளக்கும் கருவிகளே உண்டு. விஞ்ஞானம்தானே என்று கேட்கலாம். மேலே சொன்னபடி ஓசை எங்கே வளையும் என்று அறிந்தவனே நீர்மூழ்கியை ஒளிக்கவும் கண்டுபிடிக்கவும் வல்லவன். ஆதலின் இக்கணக்கு யுத்தக் கணக்குமாகும். 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டையிலும் 2023 அக்டோபரில் கொழும்பிலும் சீனக் கப்பல்கள் வந்து நின்றபோது டில்லி கவலை கொண்டதும், 2024-இல் ஒரு வருஷ காலம் அந்நிய ஆராய்ச்சிக் கப்பல்களை இலங்கை நிறுத்தி வைத்ததும் இதனாலேயே.

பாக் வளைகுடாவில் சறுக்கியால் பயனில்லை. அங்கே ஆழம் பெரும்பாலும் ஆறேழு பாகத்துக்கு மேற்படாது. இராமர் அணையருகே இன்னும் குறைவு. மன்னார் வளைகுடாவின் தென் பகுதியோ ஆயிரக்கணக்கான அடி ஆழமுடையது. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 2006-இல் போட்ட தந்திக் கம்பியும் அவ்வளைகுடாவின் அடியில்தான் கிடக்கிறது. ஆழமற்ற நீரில் வேறு அபாயம் உண்டு. படகோசையும் அலையோசையும் கலந்த அந்த இரைச்சலில் சிறு யந்திரத்தையோ, அது வைத்துச் செல்லும் கண்ணியையோ பிரித்தறிதல் மிகக் கடினம். நமது கப்பற்படையின் கடைசிக் கண்ணிவாரிக் கப்பல் 2019-இல் ஓய்வு பெற்றது. புதியவற்றுக்குக் கொள்கையளவில் அநுமதி கிடைத்ததே 2025 ஜூலையில்தான். ஆறு வருஷம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தோம் என்பதை நாசூக்காகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொல்வதும் நியாயமன்று. உச்சிப்புளியில் 2009 முதல் ‘பருந்து’ என்னும் கடற்படை விமான தளம் இருக்கிறது. ஆளில்லா விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தார் 2010-இலேயே ஓர் யந்திரத்தை 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினர். விசாகப்பட்டினத்து ராணுவ ஆராய்ச்சிச்சாலை 2025 நவம்பரில் கண்ணி தேடும் சிறு நீரடி வாகனங்களை அறிமுகம் செய்தது. இவை போதுமா என்பதைவிட, இவற்றின் மூளை யாருடையது என்பதே நமது கேள்வி. 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை வாடகைக்கு எடுத்த கப்பல்களைக் கொண்டுதான் ஸ்வதேசிக் கம்பெனியை ஆரம்பித்தார். வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் வாடகைக்காரர் பின்வாங்கினர். அதன் பிறகே சொந்தக் கப்பல் வேண்டுமென்று உணர்ந்து ‘காலியா’வையும் ‘லாவோ’வையும் வாங்கினார். பிறர் எழுதிய கட்டளைத் தொகுதியைச் சுமந்து, பிறர் கொடுக்கும் மின்கலத்தால் ஓடும் யந்திரம் நமது கொடியைத் தாங்கினும், அது வாடகைக் கப்பலே.

சட்டத்தின் நிலை இன்னும் விபரீதம். 1982-ஆம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவின்படி, சர்க்கார் நியமித்த அதிகாரியின் தலைமையும் படை ஒழுங்குக்குட்பட்ட மாலுமிகளும் உள்ளதே யுத்தக் கப்பல். மாலுமியே இல்லாதது எவ்வாறு யுத்தக் கப்பலாகும்? 20-ஆம் பிரிவோ, பிறர் எல்லைக் கடலில் நீரடி வாகனங்கள் மேலே வந்து கொடி காட்டிச் செல்ல வேண்டுமென்கிறது. 2016 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அருகே அமெரிக்கச் சறுக்கியொன்றைச் சீனர் பிடித்தபோது, அதனைத் தொடலாகாதென்று அமெரிக்கா வாதித்தது. ஐந்தாறு நாட்களில் பொருள் திரும்பி வந்தது, கேள்வி தீரவில்லை. (அவ்வுடன்படிக்கையில் அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்க.) 1907-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையில் ஒரு நல்ல விதி உண்டு: குறி தவறிய டார்ப்பிடோ தானே செயலற்றுப் போதல் வேண்டும். தலைவனோடு தொடர்பறுந்த யந்திரத்துக்கும் அவ்விதியை விரிக்குமாறு நமது சர்க்கார் உலக சபைகளில் கேட்டல் தகும்.

பாக் வளைகுடாவைப் பொறுத்தவரை நமது வாதம் வலிமையுடையது. 1974 ஜூன் மாதத்து ஒப்பந்தம் அதனை இந்தியாவும் இலங்கையும் தமக்குள் பங்கிட்ட சரித்திர நீர்ப்பரப்பாகவே கொண்டது. கச்சத்தீவு பற்றி நமக்குள்ள மனக்குறை வேறு. மூன்றாம் தேசத்தின் கருவிக்கு அங்கே இடமில்லை என்பதே அவ்வேற்பாட்டின் பயன்.

ஆனால் அத்தகைய கருவியை முதலிற் காணப்போகிறவர் அட்மிரலுமல்லர், வக்கீலுமல்லர். பாம்பனிலும் மண்டபத்திலும் வலை இழுக்கும் மீனவரே. எல்லை தாண்டினார் என்று ஒரு கரையில் சிறைப்படும் அவர், வலையில் அகப்பட்ட யந்திரத்தோடு மறு கரைக்கு வந்தால் ஒற்றர் என்று விசாரிக்கப்படுவாரோ என்று அஞ்சி அதனைத் திரும்பக் கடலிலேயே எறிந்துவிடுதல் இயல்பு. சீனாவில் ஜியாங்சு மாகாணத்தார் அந்நிய நீரடிக் கருவிகளை ஒப்படைத்த செம்படவர்களுக்குப் பணப்பரிசு வழங்கினர். நமது சர்க்காரும் ராமேசுவரம் முதல் தொண்டி வரையுள்ள ஒவ்வொரு மீன்பிடி இறங்குதளத்திலும் தமிழில் ஓர் அறிவிப்பை எழுதி வைக்கட்டும்: இன்ன உருவமுள்ள பொருளைத் தொடாதே, இடத்தைக் குறித்துக்கொள், இன்னாரிடம் சொல், அறுந்த வலைக்கு ஈடு தரப்படும், உன்னை எவரும் துன்புறுத்தார். கடைசி வாக்கியத்தின்கீழ் ஜில்லா கலெக்டரின் கையொப்பம் இருக்க வேண்டும்.