ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ரூட்டர்: தாதர் ஸ்டேஷன் தரும் பாடம்

மும்பை வாழ் தமிழர் இல்லங்கள் சிலவற்றில் இப்பொழுது இரண்டு இன்டர்நெட் இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று, வட்டாரக் கேபிள்காரர் பொருத்திய ரூட்டர். மற்றொன்று, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ வாங்கிய சிம் கார்டு ரூட்டர். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று எண்ணுவோர் பலர். சேர்த்த பின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பும் தடுமாறுகிறதே என்று கையைப் பிசைவோரும் உண்டு.

இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஊரில் திடீரென்று ஒரு காரியம் என்றால் தாதர்-திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸில் தட்கல் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பர் வகுப்புக்கு 11 மணிக்கும் பதிவு திறக்கிறது. அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் பயணமே போயிற்று. ஆன்லைனில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கதியும் அதுதான்.

வேகம் கூடாது

லேன் வயர் மூலம் ஒரு ரூட்டரையும், வை-பை மூலம் மற்றொரு ரூட்டரையும் ஒரே கம்ப்யூட்டருடன் இணைப்பது எளிது. இரண்டாவது கருவியோ தனிச் செலவோ வேண்டியதில்லை. ஆனால், சாதாரண கம்ப்யூட்டர் வெளியுலகப் போக்குவரத்துக்கு அவ்விரண்டில் ஒன்றையே முதல் வழியாகக் கொள்ளும். மற்றது சும்மா காத்திருக்கும். இரண்டு தண்டவாளம் இருப்பதால் ஒரு ரயில் இரண்டிலும் ஏறி ஓடுவதில்லை அல்லவா? ஆகவே இரண்டாவது ரூட்டரின் உண்மையான பயன், முதலாவது கைவிடும்போது உதவும் மாற்று வழி என்பதே.

ஒரே எண் தரும் தொல்லை

மாற்று வழியும் குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் எண் மோதல்தான். ஒவ்வொரு ரூட்டருக்கும் வீட்டுக்குள் ஒரு முகவரி எண் உண்டு. தயாரிப்பாளர்கள் பலரும் 192.168.1.1 என்ற அதே எண்ணையே வைத்து அனுப்புகிறார்கள். இரண்டு ரூட்டருக்கும் அதே எண் இருந்தால், எந்த வாசலைக் குறிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரண்டு இணைப்பும் இருப்பதாகத் திரை காட்டும். பக்கமோ திறந்தும் திறவாமலும் இழுபறியாகும்.

தாதர் ஸ்டேஷனுக்குப் போய் வருவோர் இதை உடனே புரிந்துகொள்வார்கள். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் அங்கே சந்திக்கின்றன. முன்பு இரண்டு பக்கமும் முதலாம் பிளாட்பாரம் என்று ஒன்று இருந்தது. புதிதாய் வருவோர் எந்த முதலாம் பிளாட்பாரம் என்று தெரியாமல் மேம்பாலத்தில் நின்று திகைப்பார்கள். 2023 டிசம்பர் 9 முதல் மேற்கு ரயில்வே பக்கம் 1 முதல் 7 வரை அப்படியே இருக்க, மத்திய ரயில்வே பக்கத்துக்கு 8 முதல் 14 வரை எண் மாற்றப்பட்டது. அதன் பின் எண்ணைச் சொன்னாலே பக்கம் தெரிகிறது.

வீட்டிலும் அதையே செய்ய வேண்டும். ஒரு ரூட்டரை மட்டும் கம்ப்யூட்டருடன் இணைத்து, பிரவுசரில் அதன் எண்ணைத் தட்டி, அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் காணும் பாஸ்வேர்டைக் கொடுத்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் லேன் பகுதியில் எண்ணை 192.168.2.1 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். சில கம்பெனிகள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் மற்ற ரூட்டரை மாற்றலாம், அல்லது கேபிள்காரரின் ஆளிடம் சொல்லலாம்.

முதல் வழி எது?

விண்டோஸ் கம்ப்யூட்டர் பொதுவாக வேகமாகத் தோன்றும் இணைப்பை, பெரும்பாலும் லேன் வயரை, தானாகவே முதல் வழியாக எடுத்துக்கொள்ளும். நாமே நிர்ணயிக்க வேண்டுமானால், நெட்வொர்க் இணைப்புகளின் பிராப்பர்ட்டீஸ் பகுதிக்குள் ஐ.பி. பதிப்பு 4-ஐத் திறந்து, அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு எண் போடலாம். முதல் வழிக்கு 10, மாற்று வழிக்கு 50 என்று போட்டால் போதும். சிறிய எண்ணுக்கே முதலிடம். ஐ.பி. பதிப்பு 6-லும் அவ்வாறே செய்துவிடுவது நல்லது. சில லேப்டாப்களில் லேன் வயர் செருகியதும் வை-பை தானாக அணைந்துவிடும். அதைக் கையால் மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தாலும்

ஒரு சூட்சுமம் உண்டு. தெருவில் கேபிள் அறுந்தாலும் வீட்டில் ரூட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையேயுள்ள வயர் நன்றாக இருப்பதால், கம்ப்யூட்டர் அதையே நம்பிக் காத்திருக்கலாம். அப்போது கம்ப்யூட்டரிலிருந்து லேன் வயரை உருவிவிட வேண்டும். சில நொடிகளில் வை-பை வழியே போக்குவரத்து தொடரும். இந்த ஒத்திகையை ஓய்வான நாளிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். தட்கல் நேரத்தில் கற்றுக்கொள்ள இயலாது.

பணம் செலுத்தும் வேளையில் வழி மாறினால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வழி மாறும்போது கம்ப்யூட்டரின் வெளி முகவரியும் மாறுவதால், நடுவிலிருந்த பணப் பரிமாற்றம் அறுபடலாம். உடனே மீண்டும் பணம் கட்டிவிடக் கூடாது. முதலில் பேங்க் எஸ்.எம்.எஸ்.ஸையும், டிக்கெட் பதிவு விவரப் பக்கத்தையும் பார்த்து, பணம் போயிற்றா, டிக்கெட் வந்ததா என்று தெளிந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

இரண்டு ரூட்டர்களையும் ஒன்றுக்கொன்று வயரால் கோத்துவிடுவது தவறு. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி வழங்க, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் குழம்பும். கம்ப்யூட்டரில் இரண்டு இணைப்புகளையும் பிரிட்ஜ் செய்வதும் அதே குழப்பத்தையே தரும். ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டரானால், ஆபீஸ் அனுமதியில்லாமல் எந்த அமைப்பையும் மாற்றலாகாது.

இரண்டு இணைப்பும் ஒரே தெருக் கம்பத்தின் வழியே வந்தால், கம்பம் சாய்ந்த அன்று இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கேபிள், மற்றொன்று சிம் கார்டு என்றிருப்பதே உத்தமம். மின்சாரம் போனால் இரண்டு ரூட்டரும் அணையும் என்பதால், ரூட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றையாவது வாங்கி வைப்பது நலம். இரண்டு சந்தாவுக்கும் மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் கட்டும் குடும்பங்கள், அரை மணி நேரம் செலவிட்டு இவற்றைச் சரி செய்துகொண்டால் கட்டும் பணத்துக்குப் பலன் உண்டு.