பொருத்துக் கூலி கேட்பது நியாயமா?

எட்டாயிரம் வெள்ளிக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேரம் பேசி, பணமும் கட்டியாகிவிட்டது. அப்போது கடைக்காரர், "வீட்டுல வந்து பொருத்திக் கொடுக்க தனியா அறுநூறு வெள்ளி ஆகும்" என்கிறார். நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்வோம்? "இவ்வளவு காசு கொடுத்து வாங்குறோம். இதைக்கூட சும்மா செஞ்சு தரக்கூடாதா?"

கேட்பதற்கு நியாயமான கேள்வியாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான். எஸ்பிஎம் தேர்வு முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் கிள்ளானில் எங்கள் தாமானில் இருக்கும் ஓர் அண்ணனுடன் இந்தப் பொருத்தும் வேலைக்குப் போனேன். கடைகள் அனுப்பும் வீடுகளுக்குப் போய் டிவி மாட்டுவதும் ஸ்பீக்கர் பொருத்துவதும் அவர் தொழில். ஏணியைப் பிடிப்பது, வயர் இழுப்பது, துளை போட்ட தூசியைக் கூட்டி அள்ளுவது ஆகியவை என் வேலை. இப்போது மின்னியல் படிக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன்: கூலி கேட்பது தவறில்லை. ஆனால் எதற்கு, எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதிக் காட்டாமல் கேட்பது தவறு.

பெட்டியைத் திறந்து வைப்பதா வேலை?

"பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது" என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண டிவியை மேசைமேல் வைப்பதாக இருந்தால் அது உண்மைதான். விலை உயர்ந்த ஒலி சாதனங்களின் கதை வேறு.

5.1.2 என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட்பவரைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், மேலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு ஸ்பீக்கர் என்பது அதன் பொருள். டோல்பி அட்மோஸ் என்ற இந்த மேல்தள ஒலி 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீடுகளுக்கும் வந்தது. எட்டு ஸ்பீக்கரையும் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்தாலும் சத்தம் வரும். ஆனால் நாம் காசு கொடுத்தது அந்தச் சத்தத்துக்கு இல்லை.

இயற்பியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. அப்படியென்றால் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க 3 மில்லி விநாடி ஆகும். இடப்பக்க ஸ்பீக்கர் இரண்டு மீட்டரிலும் வலப்பக்க ஸ்பீக்கர் மூன்று மீட்டரிலும் இருந்தால், இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வராது. அதனால்தான் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து கருவிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கருவிகளோடு சிறிய மைக் ஒன்று வருகிறது. அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்தால் கருவி ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பித் தானே அளந்துகொள்ளும். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி, வீட்டில் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை அவசரத்தில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான்.

அறையும் ஒரு கருவிதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருக்கும் அறையில், ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சுவர்களுக்கு இடையே நிலை அலையாகத் தங்கிவிடும். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் 'தொம் தொம்' என்று மார்பில் அடிக்கும். வேறோர் இடத்தில் உட்கார்ந்தால் அந்த ஒலியே காணாமல் போகும். நம் தரை வீடுகளில் தரையெல்லாம் பளிங்கும் டைல்ஸும். ஒலி அதில் பட்டுத் திரும்பி வந்து வசனத்தைக் குழப்பும். சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது, எங்கே ஒரு கம்பளம் விரிப்பது என்பதெல்லாம் அனுபவத்தில் வரும் அறிவு.

இவற்றோடு ஆபத்தான வேலையும் இருக்கிறது. 75 அங்குல டிவி 30 கிலோவைச் சுற்றி இருக்கும். சுவர் செங்கல்லா, பலகையா என்று தட்டிப் பார்க்காமல் பிராக்கெட் அடித்தால் ஒருநாள் அது கீழே வரும். சுவருக்குள் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடும் இடத்தில் துளை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாலை நேரத்தில் இடி விழும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் பாதுகாப்புச் சாதனத்தையும் மறக்கக் கூடாது. புதிதாக பிளக் பாயிண்ட் இழுக்க வேண்டுமென்றால், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் அதைச் செய்ய வேண்டும்.

'இலவசம்' என்றால் யார் பணம்?

இவ்வளவு வேலையையும் ஒரு கடை "இலவசம்" என்று விளம்பரம் செய்தால், அந்தப் பணத்தை யாராவது கொடுத்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் போக வர இரண்டு மணி நேரம், வேலை மூன்று மணி நேரம், ஆள் இரண்டு பேர். மொத்தம் பத்து மணி நேர உழைப்பு. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென் வரும். பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 82 வெள்ளி. கைத்தொழில் தெரிந்தவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் போதாது என்பது ஒரு பக்கம். வண்டி, எண்ணெய், ஸ்குரு, டிரங்கிங், கருவித் தேய்மானம் எல்லாம் இன்னொரு பக்கம். ஆகவே செலவு சுழியம் ஆக வாய்ப்பே இல்லை. அதே நேரத்தில், இந்த 82 வெள்ளிக்கும் கடைக்காரர் கேட்ட 600 வெள்ளிக்கும் இடையே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

அண்ணனுக்கு வேலை கொடுத்த ஒரு கடை, "இலவசப் பொருத்தம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வீடு சிறியதோ பெரியதோ, அண்ணனுக்கு ஒரு வீட்டுக்கு ஒரே தொகைதான். அதை வைத்துக் குடும்பம் நடத்த ஒரே நாளில் நான்கு வீடு ஓட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கருக்கு வயர் இழுக்க ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். "தம்பி, எல்லாம் ஃப்ரீன்னுதானே கடையில சொன்னாங்க?" என்றார் அவர். அவர் கேட்டதில் தவறில்லை. "ஆமாம்மா, ஆனா வயர் இழுக்குறதுக்கு எனக்குக் காசு வராதும்மா" என்றார் அண்ணன். அவர் சொன்னதும் பொய்யில்லை. கடைசியில் அன்று இரவு எட்டு மணிவரை இருந்து, கூலியில்லாமல் அதைச் செய்துவிட்டு வந்தார். அடுத்த வீட்டுக்காரர் எங்களைத் திட்டினார். கடைக்கு மட்டும் ஒரு சிரமமும் இல்லை.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். கூலியை மறைக்கும்போது ஒன்று தொழிலாளி அதைச் சுமக்கிறார். அல்லது பொருளின் விலையிலேயே அதை ஏற்றிவிடுகிறார்கள். தானே பொருத்திக்கொள்ளத் தெரிந்தவரும் அப்போது அந்தக் கூலியைக் கட்டுகிறார்.

மறுபக்க வாதமும் கேட்போம்

பட்டிமன்றம் என்றால் எதிரணிக்கும் பேச நேரம் கொடுக்க வேண்டும். "கடையின் காட்சி அறையில் அருமையாக ஒலிக்க வைத்துக் காட்டித்தானே விற்றார்கள்? அப்படியானால் அந்த ஒலியை என் வீட்டிலும் கொடுப்பது அவர்கள் கடமை இல்லையா?" இது வலுவான வாதம். பெட்டியைத் திறந்து, இணைத்து, இயக்கிக் காட்டுவது விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மாட்டுவதும், வயரை மறைப்பதும், அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்வதும் வீட்டுக்கு வீடு மாறும் வேலைகள். அவற்றுக்குத்தான் தனிக் கூலி பொருந்தும்.

இன்னொரு வாதம்: "விலை உயர்ந்த பொருள் என்பதால் கூலியையும் ஏற்றுகிறார்கள்." இதிலும் உண்மை உண்டு. ஆயிரம் வெள்ளி சவுண்ட்பாரையும் ஐயாயிரம் வெள்ளி சவுண்ட்பாரையும் இணைக்கும் முறை ஒன்றுதான். டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் கம்பியைச் சொருக வேண்டும். பொருளின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கூலி கேட்பதை நான் ஏற்க மாட்டேன். கூலியை வேலையின் அளவு தீர்மானிக்கட்டும்.

வெளிநாட்டில் இது புதிதில்லை. அமெரிக்காவில் வீட்டு ஒலி-ஒளி சாதனங்களைப் பொருத்துபவர்கள் 1989இலேயே சிடியா என்ற தங்கள் சங்கத்தை அமைத்துவிட்டார்கள். பெஸ்ட் பை என்ற மின்பொருள் கடைத்தொடர் 2002இல் கீக் ஸ்குவாட் என்ற சேவை நிறுவனத்தை வாங்கி, பொருத்தும் வேலையைத் தனிச் சேவையாகவே விற்றது. நம் ஊர் உதாரணம் வேண்டுமா? டாமன்சாராவில் உள்ள ஐக்கியாவில் அலமாரி வாங்கினால், நாமே பூட்டிக்கொள்ளலாம். ஆள் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். முன்பே தெரிவதால் அங்கே யாரும் சண்டை போடுவதில்லை.

சட்டம் நம் பக்கம்

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமின்றிச் சேவைக்கும் பொருந்தும். சேவையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்து தர வேண்டும் என்கிறது அதன் 53ஆம் பிரிவு. விலையை முன்கூட்டியே பேசி முடிக்காதபோது, நியாயமான விலைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 56ஆம் பிரிவு. விலையைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்துவதை 12ஆம் பிரிவு தடுக்கிறது.

பேசித் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் எழுத்து வேண்டும். "கடைக்காரர் வாயால் சொன்னார்" என்பதை நிரூபிப்பது கடினம்.

மாணவர்களே, பல வீடுகளில் புதுப் பொருள் வாங்கும்போது அப்பா அம்மா நம்மைத்தான் உடன் அழைத்துப் போகிறார்கள். அடுத்த முறை பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

விலைக்குள் எந்தெந்த வேலை அடங்கும்?

பிராக்கெட், வயர், டிரங்கிங் யாருடையது? மீட்டருக்கு எவ்வளவு?

ஒலி அளந்து சரிசெய்து தருவீர்களா?

சுவருக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு?

நாங்களே பொருத்திக்கொண்டால் விலை குறையுமா, உத்தரவாதம் நிற்குமா?

அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், துளை போட நிர்வாகத்தின் அனுமதியும் நேரமும் முன்பே கேட்டு வையுங்கள். பதில்களை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளிலும், அதற்கு மேல் டிப்ளோமா இரண்டு நிலைகளிலும் வழங்கப்படுகின்றன. படிவம் 5 முடித்து மின்துறையில் கைத்தொழில் கற்கப் போகும் நம் பிள்ளைகள் பலர். அவர்கள் நாளை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் துளை போடும்போது, அந்த உழைப்புக்கு ரசீதில் ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்க வேண்டும். இன்று அந்த வரியைக் கேட்டு வாங்குவதும், நியாயமாக இருந்தால் முகம் சுளிக்காமல் கட்டுவதும் வாடிக்கையாளராகிய நம் கையில் இருக்கின்றன.