நெமிலிச்சேரிச் சாலையில் ஒரு மரணம்: விபத்து ஆவணங்கள் யாருக்கு உரியவை?

நெமிலிச்சேரியில் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 60 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலையின் இரண்டு கட்டப் பணிகளும் இணைந்த இடம் இதுதான். துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் போகும் கனரக வாகனங்கள் விரையும் இதே இடத்தில்தான், விடியற்காலையில் ரயில் நிலையத்துக்கு நடப்பவர்களும், துப்புரவுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் இருசக்கர வாகனத்தில் செல்பவர்களும் சாலையைக் கடக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் அடிபட்டு இறந்தால், அந்த நேரத்திலிருந்தே ஒரு கோப்பு எழுதப்படத் தொடங்குகிறது. காவலர் எழுதுகிறார், மருத்துவர் எழுதுகிறார், மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதுகிறார். குடும்பமோ பிணவறை வாசலில் நிற்கிறது. ‘கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார்’ என்ற ஒரே வரி அக்கோப்பில் ஏறிவிட்டால் இழப்பீடு குறையும், மறுக்கப்படவும் கூடும். வாகன உரிமையாளருக்காகப் பேசக் காப்பீட்டு நிறுவனமும் அதன் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். சேரியிலிருந்து வரும் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்தக் கோப்பின் நகல்தான் முதல் துணை.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 2015ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. அது ஆணவக் கொலை என்று நிறுவப்பட்டதில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுக்கும் உடற்கூறாய்வுக்கும் பெரும் பங்கு உண்டு. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. எல்லா விபத்தும் கொலையல்ல. ஆனால் எது விபத்து, எது கொலை என்று பிரித்தறிய ஆவணங்கள் வேண்டும். ஐயம் இருந்தால் அதைப் புகாரிலேயே எழுத வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கக் கோர வேண்டும்.

கேட்காமலே தரப்பட வேண்டியவை

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193ஆம் பிரிவு.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகள் காவல் துறைக்கு மேலும் சில கடமைகளை விதிக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விளக்கும் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாட்களும், விரிவான அறிக்கைக்கு 90 நாட்களும் கெடு. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில், இவ்விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த நடைமுறையில் குடும்பம் நிரப்பித் தர வேண்டிய படிவமும் உண்டு. இறந்தவரின் தொழில், வருமானம், அவரைச் சார்ந்திருந்தோர் ஆகியவற்றை நாமே எழுதும் இடம் அது. வெறுமனே ‘கூலி’ என்று எழுதிவிட்டால் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை எடுத்துக்கொள்ளும். கொத்தனாரா, ஓட்டுநரா, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரா என்று குறிப்பிட்டு, வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை, வருகைப் பதிவு என்று கிடைப்பதை இணைக்க வேண்டும்.

தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம். சாலை விபத்து வழக்கு ஆவணங்களைப் பதிவிறக்கும் வசதியும் அதில் உண்டு. அங்கு கிடைக்காதவற்றை விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கேட்டு, மனுவுக்கு ஒப்புகை பெற வேண்டும். நெமிலிச்சேரிப் பகுதி 2022இல் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகிறது. நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தால் ஆணையரகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம்.

தகவல் உரிமைச் சட்டம் எப்போது உதவும்?

1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. இன்றைய 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. சாலை எந்தத் துறைக்குரியது என்று தெரியாவிட்டாலும் அஞ்ச வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

காவல் கோப்பில் இல்லாதவற்றைக் கேட்பதில்தான் இச்சட்டத்தின் பயன் அதிகம். அந்த இடத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை விபத்துகள் பதிவாயின? தெருவிளக்குப் பராமரிப்புப் பதிவேடு என்ன சொல்கிறது? பாதசாரிகள் கடக்க வழி கேட்டு வந்த மனுக்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பிழை இருந்தால் பொறுப்பானவர்களைத் தண்டிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198அ பிரிவு உள்ளது. அதைப் பயன்படுத்த இத்தகைய பதில்கள் தேவை.

‘புலனாய்வு நடக்கிறது’ என்று மறுத்தால், தகவல் தருவது புலனாய்வை எவ்வாறு தடுக்கும் என்று விளக்க வேண்டியது அலுவலரே. ‘தனிநபர் தகவல்’ என்று மறுத்தால், பொதுநலனுக்காக வெளியிட இடமளிக்கும் 8(2) பிரிவைச் சுட்டிக்காட்டலாம். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேமராப் பதிவுக்கு மட்டும் இவ்வழியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முப்பது நாட்களுக்குள் பதிவு அழிந்துவிடலாம். அதைப் பாதுகாத்து வைக்கும்படி காவல் நிலையத்துக்கும், சுங்கச்சாவடிக்கும், அருகிலுள்ள கடைகளுக்கும் ஓரிரு நாட்களுக்குள் கடிதம் கொடுத்துவிட வேண்டும்.

தவறவிடக் கூடாத நாட்கள்

இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாதக் கெடு வைத்துள்ளது. இக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. விபத்து நடந்த பகுதியிலோ, குடும்பம் வாழும் பகுதியிலோ உள்ள தீர்ப்பாயத்தை நாடலாம்.

மோதிய வாகனம் தப்பிவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறும் திட்டம் உள்ளது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது: ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டறியப்படாவிட்டால், இத்திட்டம் பற்றிக் குடும்பத்துக்குக் காவல் துறையே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் பின்வாங்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

துக்க வீட்டில் இருப்பவர்களால் இத்தனை நாட்களையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு குடியிருப்பிலும் படித்த இளைஞர் இருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும். விபத்து நடந்த நாளைக் குறித்துக்கொண்டு, 2, 10, 50, 90, 180 ஆகிய நாட்களில் அக்குடும்பத்துக்காகக் காவல் நிலையப் படியேறட்டும்.