ஒரே பூச்சில் ஏன் முடியாது? வைண்டிங் கம்பியில் எனாமல் ஏறும் விதம்

என் கையில இருக்கிறது சீலிங் ஃபேன் மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற வைண்டிங் கம்பி. பார்த்தா வெறும் செம்பு மாதிரிதான் பளபளன்னு இருக்கு. மல்டிமீட்டர் முனையை இந்தக் கம்பி மேல எங்க வெச்சாலும் சத்தமே வராது. பிளேடால ரெண்டு இடத்துல சுரண்டிட்டு வெச்சுப் பாருங்க, உடனே ‘பீப்’னு கத்தும். சுரண்டினதுல போனதுதான் எனாமல்.

0.5 மி.மீ. கம்பின்னா அந்த எனாமல் பக்கத்துக்குச் சுமார் 25 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடித் தடிமன்ல பாதிகூட இல்ல. ஒரு காயில்ல நூத்துக்கணக்கான சுத்து ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டுக் கிடக்குது. நடுவுல இருக்கிற ஒரே வேலி இந்த எனாமல்தான். ஒரு இடத்துல அது மெலிஞ்சிருந்தா, ரெண்டு சுத்து ஒட்டிக்கிட்டு, காயில் சூடாகி, மோட்டார் கருகிடும். கோயம்புத்தூர்ல எந்த ரீவைண்டிங் கடைக்குப் போனாலும் அப்படிக் கருகின காயில் ஒண்ணாவது கண்ணுல படும்.

இந்தக் கம்பி தொழிற்சாலையில நிமிஷத்துக்கு 200 மீட்டருக்கு மேலகூட ஓடும். ஓடுற கம்பி மேல, சுத்திலும் ஒரே அளவா, கிலோமீட்டர் கணக்குல எப்படிப் பூசுறாங்க?

முதல்ல ஒரு சின்ன சோதனை. நைலான் தூண்டில் நரம்பு கொஞ்சம், ஒரு கிண்ணத்துல விளக்கெண்ணெய். நரம்பை எண்ணெய்க்குள்ள முக்கி மெதுவா மேல இழுங்க. மெல்லிசா ஒட்டிக்கிட்டு வரும். இப்ப வேகமா இழுங்க. எண்ணெய் தடிமனா ஏறும். வேகமா இழுத்தா எண்ணெய் வழிஞ்சுபோய்க் குறைவாத்தான் ஒட்டும்னு பல பேர் நினைப்பாங்க. நடக்கிறது நேர்மாறு. இழுக்கிற பரப்பு திரவத்தைத் தன்னோட இழுத்துக்கிட்டுப் போகப் பார்க்கும். பரப்பு இழுவிசை அதைக் கிண்ணத்துக்கே திருப்பப் பார்க்கும். வேகம் கூடினா முதல் கட்சி ஜெயிக்கும். லாண்டா, லெவிச்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1942-ல இதுக்குக் கணக்குப் போட்டாங்க. மெதுவா இழுக்கிற வரைக்கும், வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா படலம் சுமார் 1.6 மடங்கு ஆகும். திரவம் கெட்டியானாலும் அதே கதைதான்.

இப்ப தொழிற்சாலையை நினைச்சுப் பாருங்க. வெறுமனே முக்கி எடுத்தா, மிஷின் வேகம் கொஞ்சம் ஆடினாலும் தடிமன் ஆடும். காலையில குளிர், மதியம் வெயில்னு எனாமலோட கெட்டித்தன்மை மாறினாலும் ஆடும். அதுவும் நிமிஷத்துக்கு 200 மீட்டர்ல முக்கி இழுத்தா, தேவைக்குப் பல மடங்கு மேல அப்பிக்கும்.

அதனால கம்பியை ஒரு டை வழியா விடுறாங்க. டைன்னா நடுவுல துல்லியமா துளை போட்ட சின்ன வில்லை. கம்பியைவிடத் துளை கொஞ்சம் பெருசு. கம்பிக்கும் துளைச் சுவருக்கும் நடுவுல பக்கத்துக்கு 16 மைக்ரான் இடைவெளின்னு வெச்சுக்கலாம். அதுக்குள்ள எனாமல் நிறைஞ்சு நிக்குது. கம்பியை ஒட்டின எனாமல் கம்பியோட வேகத்துல ஓடும். சுவரை ஒட்டினது அசையாது. நடுவுல இருக்கிறது படிப்படியா மாறும். ஆக, சராசரி வேகம் கம்பி வேகத்துல சரிபாதி. டையை விட்டு வெளிய வந்ததும், பிடிச்சு நிறுத்தச் சுவர் இல்ல. எல்லாம் கம்பி வேகத்துக்கே வந்துடும். அப்போ படலம் இடைவெளில பாதியா, 8 மைக்ரானா ஆகிடும்.

இந்தக் கணக்குல வேகம் எங்கயுமே இல்ல. கெட்டித்தன்மையும் இல்ல. ரெண்டும் அடிபட்டுப் போயிடுச்சு! தடிமனைத் தீர்மானிக்கிற அதிகாரத்தை ஆடிக்கிட்டே இருக்கிற விஷயங்கள்கிட்ட இருந்து பிடுங்கி, கடைஞ்சு வெச்ச ஒரு துளைகிட்ட கொடுத்துட்டாங்க. இந்தத் தொழில்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நிஜ டையில அழுத்தம் சேர்றதால பாதிங்கிறது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா அடிப்படை இதுதான்.

சரி, கம்பி துளைக்கு நட்டநடுவுல போகணுமே? ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம் மெலிஞ்சிடும். துளை நுழைவாயில் புனல் மாதிரி குறுகிக்கிட்டே வரும். கம்பி இழுத்துட்டு வர்ற எனாமல் அந்தக் குறுகல்ல நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறும். கம்பி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் அழுத்தம் கூடி, கம்பியைத் திரும்ப நடுவுக்குத் தள்ளும். பேரிங்குக்குள்ள எண்ணெய் தண்டைத் தாங்குறதுக்கு 1886-ல ரெய்னால்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி சொன்ன அதே தத்துவம். டையை இறுக்கிப் பூட்டாம, தாங்கில கொஞ்சம் அசையுற மாதிரி விடுறதும் இதுக்காகத்தான். டை தானே கம்பியைத் தேடி வந்து உட்காரும். இந்தத் தள்ளுவிசைக்கு மட்டும் கெட்டித்தன்மை ரொம்ப முக்கியம். ரொம்ப நீர்த்த எனாமல் கம்பியை நடுவுல பிடிச்சு வைக்காது. எனாமலோட வெப்பநிலையை ஆடாமப் பார்த்துக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். எனாமல் திரவத்துல மூணுல ஒரு பங்கு அளவுதான் பிசின், மீதி கரைப்பான். 8 மைக்ரான் ஈரப் படலம் அடுப்புல காஞ்சா இரண்டரை மைக்ரான்தான் மிஞ்சும். 25 மைக்ரானுக்குப் பத்துத் தடவை டை, அடுப்பு, டை, அடுப்புன்னு சுத்தி வரணும். பெரிய துளை வெச்சு ஒரே தடவையில பூசிட்டா என்ன?

தூண்டில் நரம்பை மறுபடி பாருங்க. வேகமா இழுத்தீங்கல்ல, அந்தத் தடிச்ச எண்ணெய் இந்நேரம் மணிமணியா கோத்த மாதிரி திரண்டிருக்கும். பரப்பு இழுவிசைக்குப் பரப்பைச் சுருக்கிறது ஒண்ணுதான் வேலை. படலத்துல இருக்கிற மேடுபள்ளம் நெருக்கமா இருந்தா அதை வழிச்சுச் சமப்படுத்தும், நமக்கு நல்லது. ஆனா ரெண்டு மேட்டுக்கு நடுவுல உள்ள தூரம் படலம் போர்த்தின கம்பியோட சுற்றளவைவிட அதிகமா இருந்தா, அதே இழுவிசை மேட்டை இன்னும் மேடாக்கும். திரவத் தாரை எப்போ துளியாகும்னு 19-ஆம் நூற்றாண்டுல பெல்ஜிய விஞ்ஞானி பிளாட்டோ கண்டுபிடிச்ச எல்லைக்கோடு அது.

மணியாத் திரளுறதை முழுசா நிறுத்த முடியாது. அது நடக்கிறதுக்குள்ள எனாமலைக் கெட்டியாக்கிடணும், அவ்வளவுதான். அந்த அவகாசம் படலத்தோட தடிமனைப் பொறுத்து மும்மடியா மாறும். தடிமனைப் பாதியாக்கினா எட்டு மடங்கு நேரம் கிடைக்கும். பத்துல ஒண்ணாக்கினா ஆயிரம் மடங்கு! அதனாலதான் பத்து மெல்லிய பூச்சு. மெல்லிசா இருந்தா கரைப்பானும் கொப்புளம் விடாம ஆவியாகும். கம்பி ஆரம் பாதியானா, அதே படலம் 16 மடங்கு சீக்கிரம் திரளும். முடி மாதிரி மெல்லிய கம்பிக்குப் பல இடத்துல டையை விட்டுட்டு, ஃபெல்ட் துணியால துடைச்சு இன்னும் மெல்லிசாப் பூசுறாங்க. தடிச்ச கம்பிக்குப் பிரச்சனையே வேற: படுக்கையா ஓடினா எனாமல் அடிப்பக்கமாத் தொங்கும். அதனால அந்தக் கம்பியை நிமிர்ந்து நிக்கிற அடுப்புல ஓட்டுறாங்க.

கடைசியா, கம்பி வாங்குறவங்களுக்கு ஒண்ணு. மைக்ரோமீட்டர் வெச்சு மேலளவு சரியா இருக்குன்னு திருப்திப்பட்டுடாதீங்க. எனாமல் ஒரு பக்கம் 40, எதிர்ப்பக்கம் 10 மைக்ரானா இருந்தாலும் கூட்டுனா அதே 50தான். மைக்ரோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டு துண்டை முறுக்கி, நடுவுல வோல்டேஜை ஏத்திக்கிட்டே போய் எத்தனை வோல்ட்ல எனாமல் உடையுதுன்னு பார்க்கிற சோதனைதான் அதைப் பிடிக்கும். சப்ளையர் அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தா, சராசரியைத் தாண்டிப் போய், இருக்கிறதுலயே குறைஞ்ச எண் எதுன்னு பாருங்க. மோட்டார் எரியுறது அந்த இடத்துலதான்.